ஆட்டத்தின் விதியைப் பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்கள் கையை எடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இரவு சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு சண்டை. ஆரம்பித்தது நான்தான். "அத்தை பழைய காலத்து ஆள். கோடிங் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்" என்று என் தம்பி மகன் எழுதினான். கோபம் இல்லை, அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஆனால் 34 வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு, கோடிங் என்று அவன் சொல்கிற சாமான் என்னவென்று கொஞ்சம் தெரியும். வாட்ஸ்அப்பில் எழுதினால் நடுவில் யாராவது குட்மார்னிங் படம் போட்டுவிடுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மே மாத லீவில் பிள்ளைகள் எல்லாரும் என் வீட்டில் இருந்தார்கள். தம்பி மகனுடைய பெண், எனக்குப் பேத்தி முறை, 11 வயது. ஆன்லைனில் கோடிங் வகுப்பு படிக்கிறாள். பெயர் வேண்டாம், விளம்பரம் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. கட்டணம் 18,000 ரூபாய். முடித்ததும் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ் வந்தது. அதைக் குழுவில் போட்டு, அறுபது பேர் கைதட்டும் படம் போட்டாகிவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் அவள் செய்த ஆட்டத்தை எல்லாருக்கும் காட்டச் சொன்னான் அவள் அப்பா. விலங்கைக் கண்டுபிடிக்கிற ஆட்டம். குறிப்பு வரும், நாலு விடை வரும், ஒன்றை அழுத்த வேண்டும். யானை வந்தது, சிங்கம் வந்தது, இசையும் வந்தது. எல்லாரும் கைதட்டினோம். அப்போது என் பெரியம்மா வழிப் பேரன், 8 வயது, கேட்டான். "அக்கா, யானைக்குப் பதிலா நம்ம வீட்டு ஆட்டைப் போடலாமா? எல்லாரும் சேந்து விளையாடற மாதிரி பண்ணலாமா?"

அவளுக்குத் தெரியவில்லை. முயற்சி பண்ணினாள். பத்து நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சார் குடுத்ததை அப்படியே போட்டேன். படம் மட்டும்தான் நான் செலக்ட் பண்ணேன்." அவள் அப்பா எல்லார் முன்னாலும் கேட்டான். "பதினெட்டாயிரம் கட்டிருக்கேன், இது கூடத் தெரியாதா?" பிள்ளை மொட்டை மாடிக்குப் போய் அழுதது.

டேய் தம்பி மகனே, இப்போது பொதுவில் கேட்கிறேன். அந்தக் கேள்வியை நீ பிள்ளையிடம் கேட்டிருக்கக் கூடாது. 18,000 வாங்கினவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். எட்டு வயசுப் பையன் ஒரு நொடியில் கேட்ட கேள்வியை அந்த வகுப்பில் யாரும் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "உனக்கு என்ன மாத்தணும்?" என்பதுதான் அந்தக் கேள்வி. நல்ல வகுப்புகளும், உழைத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் முடிந்த பொருளைக் கையில் கொடுத்து, பிள்ளை செய்தது என்று பெற்றோரை நம்பவைக்கிற வியாபாரத்தை நான் கல்வி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பொங்கலுக்குக் கடையில் வாங்கிய கோலத் தாளை வாசலில் ஒட்டிவிட்டு, நான் கோலம் போட்டேன் என்று சொல்வது மாதிரி.

என் கட்சி இதுதான். பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? அவர்களே சேர்ந்து ஆடுகிற ஒரு ஊகிக்கும் ஆட்டத்தை, அவர்களே விதி எழுதி, அவர்களே கட்டட்டும். அதைவிடச் சிறந்த முதல் பாடம் எனக்குத் தெரியாது. ஏன் என்று மொட்டை மாடிக்கு மறுநாள் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

மறுநாள் நான் ஒரு சிகரெட் அட்டைப் பெட்டி அளவு டப்பாவில் ஐந்து சீட்டு போட்டுக் கொடுத்தேன். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். உங்களில் யார் இதை வகுப்பின் கடைசி பெஞ்சில் ஆடாதவர்? எங்கள் ஊர் வழக்கில் போலீஸ் மட்டும் சீட்டைக் காட்ட வேண்டும். மீதி நாலு பேரில் யார் திருடன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ராஜாவுக்கு 1000, ராணிக்கு 500, மந்திரிக்கு 300. போலீஸ் சரியாகப் பிடித்தால் அவனுக்கு 100, தவறவிட்டால் அந்த 100 திருடனுக்கு.

ஒரு மணி நேரம் ஆடினார்கள். பிறகு கேட்டேன். "இதைக் கம்ப்யூட்டர்ல செய்யலாமா?" பழைய லேப்டாப் ஒன்றில் ஸ்கிராட்ச் இருந்தது. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கும் அவர் குழுவும் செய்து 2007இல் வெளியிட்டது. வண்ணக் கட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் அதுதான் நிரல். காசு கிடையாது. இணையம் இல்லாமலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பேத்திக்கு வகுப்பில் கட்டைகள் ஏற்கெனவே பழக்கம். அந்த மட்டுக்கு அந்த வகுப்புக்கு நன்றி.

ஐந்து பேருக்கும் தனித்தனியாக "1 முதல் 5 வரை ஏதாவது ஒரு எண்ணை எடு" என்று கட்டளை கொடுத்தாள். 1 வந்தால் ராஜா, 5 வந்தால் திருடன். லேப்டாப்பை ஒவ்வொருவராகக் கையில் வாங்கி, தன் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் இரண்டு ராஜா, திருடனே இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் மூன்று ராணி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு பாட்டி" என்றான் ஒருவன்.

நான் பதில் சொல்லவில்லை. டப்பாவை நடுவில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதுல ஏன் ரெண்டு ராஜா வரலை?" எல்லாரும் யோசித்தார்கள். அந்த 8 வயதுக்காரன்தான் சொன்னான். "ஒருத்தன் எடுத்துட்டா அந்தச் சீட்டு டப்பாவுல இருக்காதே!"

அவ்வளவுதான். பேத்தி எழுந்து உட்கார்ந்தாள். ஐந்து பெயரையும் ஒரு பட்டியலில் போட்டாள். ஒன்றை எடுத்ததும் பட்டியலிலிருந்து அதை அழித்துவிடு என்று கட்டளை சேர்த்தாள். சரியாகிவிட்டது. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் மாணவர்கள் இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேருக்கும் தனித்தனியாக எண் எடுத்தால் மொத்தம் 5 இன் 5 அடுக்கு, அதாவது 3125 வழி. ஐவருக்கும் வேறுவேறு சீட்டு வருவது 5 ஃபாக்டோரியல், 120 வழி மட்டும். 120ஐ 3125ஆல் வகுத்தால் 4 சதவீதம்கூட இல்லை. 100 ஆட்டத்தில் 96 ஆட்டம் கெட்டுப்போகும். எடுத்ததைத் திரும்ப வைப்பது, வைக்காமல் எடுப்பது என்று பந்துப் பைக் கணக்கு நடத்தினேனே, பன்னிரண்டாம் வகுப்பில். பாதிப் பேர் "எப்பவும் பந்துதானா டீச்சர்" என்று முணுமுணுத்தீர்கள். அதே கணக்கு. எட்டு வயசுப் பையன் தன் வாயாலேயே சொல்லிவிட்டான், ஏனென்றால் அது அவன் ஆட்டம், அது கெட்டுப்போனது அவனுக்கு வலித்தது.

அடுத்து மதிப்பெண் தகராறு வந்தது. இன்னொரு பேத்தி, 10 வயது, கொஞ்சம் வாய் அதிகம். "சும்மா உக்காந்திருக்கிற ராஜாவுக்கு எதுக்கு ஆயிரம்? கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கிற போலீசுக்கு நூறுதானா?" என்றாள். அறுபது வருஷமாக இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை! கெட்டிக்கார போலீஸ் இரண்டு தடவை திருடனைச் சரியாகப் பிடித்தாலும் 200தான். சீட்டில் ஒரு தடவை ராஜா வந்தவனுக்கு 1000. அப்படியானால் இது ஊகிக்கிற ஆட்டமே இல்லை, அதிர்ஷ்ட ஆட்டம்.

மாற்றினார்கள். ராஜா, ராணி, மந்திரி எல்லாருக்கும் 100. போலீஸ் பிடித்தால் 500, திருடன் தப்பித்தால் அவனுக்கு அந்த 500. பத்து ஆட்டம் ஆடியதும் புது வம்பு. திருடனே ஜெயித்துக்கொண்டிருந்தான். நாலு பேரில் ஒருவனைக் குருட்டாம்போக்கில் காட்டினால் நாலில் ஒரு தடவைதானே சரியாக இருக்கும்? சராசரியாகத் திருடனுக்கு 375, போலீசுக்கு 125. மறுபடி கூடிப் பேசி ஒரு விதி போட்டார்கள். போலீஸ் எல்லாரையும் "நீ யார்?" என்று கேட்கலாம். மற்றவர்கள் உண்மை சொல்லியாக வேண்டும், திருடன் மட்டும் பொய் சொல்லலாம். திருடன் தன்னை ராஜா என்றால் ராஜா இரண்டு பேர் ஆகிவிடும். போலீஸ் அந்த இரண்டு பேர் முகத்தை மட்டும் பார்த்தால் போதும். இப்போது பாதிக்குப் பாதி. இருவருக்கும் சராசரி 250. தராசு முள் நடுவில் வந்து நின்றது. இந்தச் சராசரிக் கணக்கை நான் பின்னால் தாளில் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் ஆடியே அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று நினைக்கிறவர்களுக்கு மூன்று சேதி.

1986இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி டேவிடாஃப் என்பவர் மாஃபியா என்ற ஆட்டத்தை உருவாக்கினார். சாமான் எதுவும் தேவையில்லை. கூட்டத்தில் சிலர் ரகசியமாகக் கொலைகாரர்கள், மற்றவர்கள் பேசிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். உலகம் முழுக்கப் பரவியது. நம் ராஜா ராணிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. அதே வழியில் வந்ததுதான் அமாங் அஸ். ஒரு சின்னக் குழு 2018இல் வெளியிட்டது. 2020இல் ஊரடங்கில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் ஆடியது. இரண்டாவது, வேர்டில். ஜாஷ் வார்டில் என்பவர் தன் வாழ்க்கைத் துணை ஆடுவதற்காக எழுதிய சொல் ஊகிக்கும் ஆட்டம். 2021இல் ஊருக்குத் திறந்துவிட்டார். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. மூன்றாவது, மாஸ்டர்மைண்ட் என்ற வண்ண ஊசி ஆட்டம். மொத்தம் 1296 ரகசியம் சாத்தியம். எதை மறைத்தாலும் ஐந்து ஊகத்தில் கண்டுபிடிக்கலாம் என்று டொனால்ட் நூத் என்ற பெரிய கணினி அறிஞர் 1977இல் காட்டினார். ஊகிக்கிற ஆட்டம் அவ்வளவு பெரிய மூளைக்கும் தீனி போட்டிருக்கிறது.

கவனியுங்கள். வார்டில் உலகத்துக்காக எழுதவில்லை. எதிரில் இருக்கிற ஒருவருக்காக எழுதினார். பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தங்கை சிரிப்பாளா, கோபிப்பாளா என்று பார்த்துப் பார்த்து மாற்றுவது. சான்றிதழ் அதைச் சொல்லிக்கொடுக்காது.

இனி வாட்ஸ்அப் குழுவில் வந்த ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

முதல் ஆட்சேபணை: "அத்தை, ஏஐயிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கும்." உண்மை. நான் கேட்டும் பார்த்தேன். அழகாக எழுதிக் கொடுத்தது. இரண்டு ராஜா வருகிற பிழைகூட இல்லை. பிள்ளைகள் இரண்டு தடவை ஆடிவிட்டு மூடிவிட்டார்கள். ராஜாவுக்கு எத்தனை மதிப்பெண் என்று அது அவர்களைக் கேட்கவில்லை. பிழை இல்லாததால் சீட்டு டப்பாவைப் பற்றி யாரும் யோசிக்கவும் இல்லை. ஏஐ கூடாது என்று சொல்லவில்லை. கால்குலேட்டர் வந்தபோதும் நான் கத்தவில்லை, வாய்ப்பாடு தெரிந்தபின் தாராளமாக எடு என்றேன். அதே வரிசைதான் இங்கும். விதி உன்னுடையது, ஆடிப் பார்த்தது நீ, எங்கே இடிக்கிறது என்று உனக்குத் தெரியும். பிறகு எவரிடம் வேண்டுமானாலும் உதவி கேள். என்ன கேட்பது என்றே தெரியாதவனுக்கு ஏஐ என்ன, பிரம்மாவே வந்தாலும் என்ன செய்வார்?

இரண்டாவது ஆட்சேபணை என் வயதுக்காரர்களுடையது. "எதற்கு இந்தத் திரை? நாம் மணலில் கிச்சு கிச்சு தாம்பாளம் ஆடி வளரவில்லையா?" அக்கா, அண்ணா, நானும் வைகை மணலில் ஆடியவள்தான். நீளமாக மணலைக் குவித்து, துரும்பை ஒளித்து, எதிராளி கையை வைத்து மூடினால் உள்ளே இருக்கா இல்லையா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அந்த ஆட்டத்துக்குத் தெருவுக்குத் தெரு விதி வேறு. எத்தனை தடவை தேடலாம், தோற்றவனைக் கண்ணை மூடி எவ்வளவு தூரம் கூட்டிப் போகலாம், எல்லாம் வேறு வேறு. யார் மாற்றியது? பெரியவர்களா? நாம்தான். ஆட்டத்தின் விதியைப் பேசி, சண்டை போட்டு, மாற்றுகிற உரிமை நமக்கு இருந்தது.

இன்றைய பிள்ளை கையில் இருக்கிற செல்போன் ஆட்டத்தில் ஒரு விதியை மாற்ற முடியுமா? முடியாது. விதியை யாரோ எழுதுகிறார்கள், பிள்ளை விரலால் தட்டுகிறது, காசு யாருக்கோ போகிறது. என் கோபம் திரைமேல் இல்லை. அந்த உரிமை பறிபோனதன்மேல். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை அதைத் திரும்ப வாங்குகிறது. லோகோ என்ற குழந்தைகள் கணினி மொழியை 1967இல் உருவாக்கியவர்களில் ஒருவரான சேமூர் பேப்பர்ட் 1980இலேயே தன் புத்தகத்தில் இதைத்தான் கவலையாக எழுதினார். கணினி பிள்ளையை ஆட்டிவைக்கிறதா, பிள்ளை கணினியை ஆட்டிவைக்கிறதா என்பதே அவர் கேள்வி. நாற்பது வருஷம் தாண்டியும் நாம் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று. என் வீட்டில் லேப்டாப்பில் உட்கார்ந்தது இருபது நிமிஷம் என்றால், வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஆடியது ஒரு மணி நேரம். இந்த வகை ஆட்டத்தில் கணினி வெறும் சீட்டு டப்பாதான். ஆட்டம் முகத்தில் நடக்கிறது.

மூன்றாவது ஆட்சேபணை: "இதுக்கு மார்க் உண்டா?" 1 முதல் 100 வரை ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்கிறேன், பெரிசா சின்னதா என்று மட்டும் சொல்வேன். நடுவை நடுவைக் கேட்டால் அதிகபட்சம் 7 கேள்வியில் பிடித்துவிடலாம் என்று பிள்ளைகள் அதே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். ஆம், இல்லை என்று பதில் வருகிற 20 கேள்வி கையில் இருந்தால் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 பொருளைப் பிரித்தறியலாம், ஏனென்றால் அது 2 இன் 20 அடுக்கு. இது அடுக்குக்குறி, இது மடக்கை. மார்க் தன்னால் வரும். வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்கிற தைரியம் ரிட்டையர் ஆன பிறகுதான் எனக்கு வந்தது.

இப்போது இந்தப் பதிவை எழுத வைத்த முக்கியமான விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அடுத்த வாரம் பேத்தி புது ஆட்டம் ஒன்று கட்டினாள். "இது யாரு?" என்று பெயர். ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பற்றி ரகசியமாக ஒரு குறிப்பைத் தட்டச்சு செய்ய வேண்டும். திரையில் குறிப்பு வரும். யாரைப் பற்றி என்று மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். எதிர்வீட்டுப் பையனும் ஆட வந்திருந்தான், 9 வயது. மூன்றாவது குறிப்பு திரையில் வந்தது. "இவன் அப்பா போன வருஷம் செத்துட்டார்."

எழுதியது எட்டு வயதுக்காரன். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. ஆட்டத்துக்கு அது சரியான குறிப்பு, எல்லாரும் ஊகித்துவிடலாம். அவ்வளவுதான் அவன் நினைத்தது. எதிர்வீட்டுப் பையன் எதுவும் பேசாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது என்று 34 வருஷ அனுபவத்துக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

உள்ளே வந்தால் பிள்ளைகள் எல்லாரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் அழுதுகொண்டிருந்தான். நான் ஒரு பிரசங்கம் செய்ய வாயைத் திறந்தேன். பேத்தி முந்திக்கொண்டாள். "தப்பு அவன் மேல இல்ல பாட்டி. அப்படி எழுத முடியற மாதிரி ஆட்டத்தைப் பண்ணது நான்தானே."

நல்லா படியுங்கள் அந்த வாக்கியத்தை. கணினித் துறையில் லட்சம் லட்சமாகச் சம்பளம் வாங்குகிற என் மாணவர்களே, உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள்? நாலு பேரை அழவைத்த ஆப் வந்தால் "பயன்படுத்துகிறவர்கள் சரியில்லை" என்றுதானே பதில் வருகிறது?

அன்று இரவே அவள் மூன்று மாற்றம் செய்தாள். குறிப்பை ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித்தான் எழுத வேண்டும், அடுத்தவரைப் பற்றி எழுத முடியாது. எழுதப் பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று ஒரு பொத்தான், யார் அழுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது, மதிப்பெண்ணும் குறையாது. ஏமாந்த ஒவ்வொருவருக்கும் எழுதியவனுக்கு ஒரு புள்ளி, சரியாக ஊகித்தவருக்கும் ஒரு புள்ளி. அதாவது தன்னைப் பற்றிப் பிறருக்குத் தெரியாததைச் சொன்னால்தான் ஜெயிக்கலாம்.

மறுநாள் சின்னவனும் அவளும் எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தார்கள். அந்தப் பையன் எழுதிய குறிப்பு: "எனக்குப் பல்லின்னா பயம்." கிணற்றில் தலைகீழாகக் குதிக்கிற பையன்! ஒருவரும் ஊகிக்கவில்லை. அன்றைக்கு அதிகப் புள்ளி அவனுக்குத்தான்.

எந்தப் பாடத்திட்டம் இதைச் சொல்லிக்கொடுக்கும்? ஒரு விதி எழுதுகிறவன், அந்த விதிக்குள் மாட்டுகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் தெரியாத லட்சம் பேருக்கு ஆப் செய்யும் முன்னால், முகம் தெரிந்த ஐந்து பேருக்கு ஒரு ஆட்டம் செய்து, அதில் ஒரு தடவை தவறிப் பார்க்க வேண்டும். சின்ன வயதில், சொந்த வீட்டுத் தாழ்வாரத்தில், பாட்டி பக்கத்தில் இருக்கும்போது தவறட்டும்.

சரி, செய்ய நினைக்கிறவர்களுக்கு அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தாள். சீட்டு எழுதி மூன்று தடவையாவது ஆடிய பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும். தாளில் சுவாரசியமில்லாத ஆட்டம் திரையில் சுவாரசியமாகாது.

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கணினி போதும், ஆளுக்கொன்று வேண்டாம். கை மாற்றி ஆடுகிற ஆட்டம் என்பதால் ஒன்று இருப்பதே நல்லது. ஒருவர் பார்த்ததும் திரையை மூடுகிற பக்கம் ஒன்று வைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், முதல் நாளே ஒருவன் எட்டிப் பார்ப்பான்.

பிழை வந்தால் நீங்கள் திருத்தாதீர்கள். முக்கியமாக ஐடியில் வேலை பார்க்கிற அப்பாக்கள். மவுஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். "நீ என்ன நடக்கும்னு நினைச்சே, என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

பிள்ளைகளின் உண்மைப் பெயர், பள்ளி, புகைப்படம் எதையும் ஆட்டத்துக்குள் போட்டு ஊருக்குக் காட்ட வேண்டாம். ஸ்கிராட்சில் பகிர்ந்தால் உலகமே பார்க்கும். பகிராமல் வைத்துக்கொண்டால் வீட்டோடு இருக்கும்.

பெண் பிள்ளைகளைக் கோலம் போடவும் ஆண் பிள்ளைகளை லேப்டாப் முன்னாலும் உட்காரவைக்கிற வேலையை இந்தத் தலைமுறையோடு நிறுத்துங்கள்.

ஆசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. தேர்வுக்கும் வீடியோவுக்கும் மட்டும் அதைத் திறக்காதீர்கள். வாரம் ஒரு பீரியட் பிள்ளைகளிடம் கொடுங்கள். 18,000 கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த அறைதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு மன்னிப்பு. ரொம்ப நாளாக மனதில் இருப்பது.

1990களில், எட்டாம் வகுப்பில், கணக்குப் பாட நேரத்தில் ஒருவன் பெஞ்சுக்குக் கீழே சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். பிடுங்கினேன். ராஜா ராணி இல்லை. தலைமையாசிரியர், கணக்கு டீச்சர், லீடர், காப்பி அடித்தவன், மாட்டிக்கொண்டவன் என்று அவனே எழுதியிருந்தான். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் பொடி எழுத்தில் ஏதோ விதி. வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. படித்துப் பார்க்காமலே கிழித்துப் போட்டு, பீரியட் முடியும்வரை அவனை வெளியே நிற்கவைத்தேன்.

இப்போது நினைத்தால், அந்த வகுப்பில் அன்று உண்மையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். நான் ஒரு பரீட்சைத் தாளைத் திருத்தாமலே கிழித்துவிட்டேன்.

அப்பா, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று தெரியும். என் பிறந்த நாளுக்கு வருஷம் தவறாமல் வாழ்த்துப் போடுகிறாய். பெயர் எழுதவில்லை. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள். அந்தச் சீட்டுகளின் பின்னால் எழுதியிருந்த விதி ஞாபகம் இருந்தால் எனக்கு அனுப்பு. மாட்டிக்கொண்டவனுக்கும் காப்பி அடித்தவனுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அடுத்த லீவில் கட்டிப் பார்க்கப் போகிறார்களாம்.

தம்பி மகனே, உனக்கும் அழைப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வா. உன் மகள் செய்த ஆட்டத்தில் உட்கார். சீட்டை அவள் பிரிப்பாள். விதியும் அவளுடையது. நீ விளையாட மட்டும் செய்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்